டிக்கி திறக்கத்தான் இவ்வளவு உயர றெக்கையா? 200 மைல் வேகத்தைத் தாண்டிய டாட்ஜ் டேடோனா

இந்தக் காரின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிக்கிக்கு மேலே சுமார் 58 செ.மீ. உயரத்தில் ஒரு றெக்கை! ரேஸுக்கு மட்டும் செய்த வண்டி என்று நினைக்காதீர்கள். 1969-இல் அமெரிக்க ஷோரூமில் காசு கொடுத்து யாரும் வாங்கியிருக்கலாம். டாட்ஜ் சார்ஜர் டேடோனா.

முன்கதை சுருக்கமாக: நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சினை வைத்து விற்றால் அது மசில் கார். 1960-களில் டெட்ராய்ட் கம்பெனிகளுக்குள் இதில்தான் போட்டி. அமெரிக்காவின் பிரபல கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் ஜெயித்தால் ஷோரூமில் கூட்டம் வரும்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம்.

டாட்ஜிடம் 426 ஹெமி இருந்தது. 7 லிட்டர் எஞ்சின், கம்பெனி கணக்கில் 425 குதிரைத்திறன். சக்திக்குக் குறைவே இல்லை. ஆனால் 1968 சார்ஜரின் அழகே அதற்கு எதிரி. உள்ளே குழிந்த கிரில்லில் காற்று போய் மாட்டிக்கொண்டது. பின் கண்ணாடியும் உள்வாங்கி இருந்ததால் அங்கே காற்று சுழன்று வண்டியின் வாலைத் தூக்கியது. இரண்டையும் குழியில்லாமல் சமதளமாக்கி சார்ஜர் 500 கொண்டுவந்தார்கள். ஃபோர்டு சும்மா இருக்குமா? டொரினோ தல்லடேகா என்ற காரை இறக்கி, 1969 டேடோனா 500 பந்தயத்தைத் தட்டிக்கொண்டு போனது.

அதற்குப் பதிலடிதான் இந்த வண்டி. (முன்பக்கம் நெருக்கமாக) கிரில் இருந்த இடத்தில் கூரான நீள மூக்கு. ஹெட்லைட்டுகள் அதற்குள் ஒளிந்திருக்கும், தேவைப்படும்போது எழும். பின்னால் றெக்கை. அந்த உயரத்தில் கூரையின் கலங்கல் இல்லாத சுத்தமான காற்று கிடைக்கும். வாலைத் தரையோடு அழுத்தும். பக்கவாட்டுத் தூண்கள் வண்டி அலைபாயாமல் பிடிக்கும். அப்புறம் டிக்கி! மக்களுக்கு விற்கும் கார் அல்லவா, மூடி றெக்கையில் இடிக்காமல் முழுதாகத் திறக்க வேண்டும். காய்கறிப் பை வைக்க வழிவிட்டுச் செய்த ரேஸ் கார்! இந்த ஒரு விஷயத்துக்காகவே இதைக் கொண்டாடலாம்.

ரேஸில் ஓட்ட வேண்டுமானால், நாஸ்கார் விதிப்படி மக்களுக்கு விற்க 500 கார்கள் செய்ய வேண்டும், 503 செய்தார்கள்.

1969 செப்டம்பரில் அலபாமாவின் தல்லடேகாவில் முதல் ஓட்டம். அந்த வேகத்துக்கு டயர்கள் கிழிந்தன. ரிச்சர்ட் பெட்டி உள்பட முன்னணி ஓட்டுநர்கள் பலர் பந்தயத்தைப் புறக்கணித்துக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பயந்ததில் தப்பே இல்லை. டேடோனா காரை ஓட்டிய ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் ஜெயித்தார். 1970 மார்ச் 24, அதே தல்லடேகாவில் சோதனை ஓட்டம்: பட்டி பேக்கர் மணிக்கு 200.447 மைல், அதாவது சுமார் 323 கி.மீ.! மூடிய வட்டப் பாதையில் நாஸ்கார் வண்டி ஒன்று 200 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

ஃபோர்டுக்குத் தாவியிருந்த ரிச்சர்ட் பெட்டியைத் திரும்ப இழுக்க, டாட்ஜின் சகோதர பிராண்டான பிளைமவுத் தன் பங்குக்கு இதே மாதிரி மூக்கும் றெக்கையும் வைத்து சூப்பர்பேர்டைச் செய்தது. 1971-இல் நாஸ்கார் இந்த றெக்கை வண்டிகளின் எஞ்சினை 305 கன அங்குலத்துக்குள், அதாவது 5 லிட்டருக்குள் அடக்கியது. கதை முடிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. எஞ்சினியர்களின் மூளைக்குத் தடை போட்டது போலத்தான்.

ஷோரூமில் சூப்பர்பேர்டுகள் விலைபோகாமல் நின்றன. சில டீலர்கள் மூக்கையும் றெக்கையையும் கழற்றிச் சாதாரண பிளைமவுத் ரோட் ரன்னர் காராக விற்றார்கள். பின்னாளில் நல்ல ஹெமி வண்டிகள் சில ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கின்றன.

டேடோனாவா, சூப்பர்பேர்டா? என் ஓட்டு டேடோனாவுக்கு. உங்கள் ஓட்டைக் கமெண்டில் போடுங்கள், காரணத்தோடு!