தொட்டில் வாங்கப் போகும்போது அளவு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்

வணக்கம் நேயர்களே. நான் பாபநாசம் வட்டாரத்தில் 31 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், தாயை விசாரித்த கையோடு குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பாயிலா, தூளியிலா, பெரியவர்கள் கட்டிலிலா, தொட்டிலிலா? எடையும் தடுப்பூசியும் அட்டையில் ஏறிவிடும், படுக்கையை நாமேதான் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். போன ஆவணியில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். அதற்காகக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம், இணையத்திலும் தேடினோம், ஆசாரியிடமும் பேசினோம். கையில் 500 ரூபாய் இல்லாத வீட்டையும் தெரியும், தொட்டிலுக்கு 30,000 ரூபாய் எடுத்து வைத்த வீட்டையும் தெரியும். அதனால்தான் தொட்டில் வாங்குவதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கி வீட்டில் வைக்க மாட்டோம், வெறும் தொட்டிலை ஆட்டவும் விடமாட்டார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவுக்கு இப்போது 84 வயது, பேத்திக்கு வளைகாப்பு முடிந்த பிறகும் குழந்தைக்கென்று ஒரு துணி வாங்க விடவில்லை. ஆனால் இதனால் என்ன ஆகிறது என்றால், 11ஆம் நாளோ 16ஆம் நாளோ தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்க வேண்டும் என்று நாள் குறித்த பிறகு, தாய்மாமன் கடைக்கு ஓடிப்போய்க் கண்ணில் பட்டதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பெயிண்ட் வாசனை போகாத தொட்டிலில் அன்றைக்கே குழந்தையைப் போடுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு வழி செய்தோம். ஏழாம் மாதத்திலேயே பேசி, அளவு கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிட்டோம். தொட்டில் பட்டறையிலேயே ஒரு மாதத்துக்கு மேல் காற்றாடக் கிடந்தது, குழந்தை பிறந்த பிறகுதான் எங்கள் வாசப்படி ஏறியது. அம்மாவுக்கும் மனக்குறை இல்லை, வார்னிஷ் வாசனையும் போயிருந்தது.

கையில் காசே இல்லாதவர்களைப் பற்றி அடுத்துப் பேசுகிறேன், ஏனென்றால் தொட்டில் கடைக்காரர்கள் அவர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. நடவுக்கும் களை எடுக்கவும் போகிற பெண்கள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை செய்வதை இன்றைக்கும் பார்க்கலாம். வீட்டிலும் விட்டத்துக் கொக்கியில் பழைய நூல் புடவைதான். நானும் தூளியில் வளர்ந்தவள்தான். பகலில், ஆள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது தூளியில் தூங்க வையுங்கள், தூங்கியதும் எடுத்துச் சமமான இடத்தில் கிடத்திவிடுங்கள், ராத்திரி முழுக்கத் தூளியில் விடவேண்டாம் என்றுதான் நான் சொல்லி வந்திருக்கிறேன். தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து மோவாய் நெஞ்சில் போய் முட்டுகிறது. பச்சைக் குழந்தைக்கு மூச்சுக்குழாய் சின்னது, மிருதுவானது, கழுத்து மடங்கினால் அடைபடும். தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ள அதற்குத் தெம்பு கிடையாது, அழுது கூப்பிடவும் முடியாமல் போகலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தூளியில் ஏறி முறுக்கி விளையாடி, கழுத்தில் புடவை சுற்றிக்கொண்ட செய்திகளையும் நாம் பேப்பரில் படிக்கிறோம். விளையாட்டு வயசு வந்துவிட்டால் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள்.

அப்படியானால் ராத்திரி எங்கே போடுவது? கீழே பாய் விரித்துப் படுப்பதில் நம் வயல்காட்டு ஊர்களில் ஒரு பெரிய பயம் இருக்கிறது, கட்டுவிரியன். ராத்திரியில் வீட்டுக்குள் வந்து தரையில் தூங்குகிறவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கிறது, பல நேரம் கடித்த வலியே தெரியாது. மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். தொட்டில் வாங்க முடியாத வீட்டில் நான் காட்டிக் கொடுத்தது இதுதான்: ஜமக்காளத்தை மூன்று மடிப்பாக அழுத்தி மடித்து, மேலே ஒரு துணியை இழுத்து நாலு பக்கமும் செருகி, அதைக் குழந்தைக்குத் தனிப் படுக்கையாகத் தாயின் பாய்க்குப் பக்கத்தில் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய கொசுவலைக்குள் கொண்டுவந்து, வலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட வேண்டும். கொசுவும் வராது, பூச்சி பொட்டும் வராது. இதற்கு ஆகிற செலவு ஒரு வலை.

பழைய தொட்டில் வீட்டில் இருக்கிறதே, அதற்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. தேக்கு மரம், கடைசல் போட்ட கம்பிகள், தொங்கவிடப் பித்தளைச் சங்கிலி, பச்சையும் சிவப்புமாக வர்ணம். மூன்று தலைமுறை படுத்த தொட்டில். பரணிலிருந்து இறக்கித் துடைத்தபோது எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. நான் தையல் டேப்பை எடுத்துக் கம்பிக்குக் கம்பி இடைவெளியை அளந்தேன். 8 சென்டிமீட்டர். இன்னொரு இடத்தில் வைத்தேன், எட்டரை. அது ஆகாது. இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது இரண்டரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவில் சட்டமே இந்த அளவுதான், ஐரோப்பாவில் நாலரையிலிருந்து ஆறரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏன் என்றால், இடைவெளி அதிகமாக இருந்தால் குழந்தை உருளும்போது கால் வெளியே போகும், இடுப்பும் உடம்பும் வழுக்கிக்கொண்டு போகும், தலை மட்டும் போகாது. அந்தக் காட்சியை நான் இதற்கு மேல் விவரிக்க விரும்பவில்லை.

அம்மாவுக்கு வருத்தம்தான். "நீங்கள் எல்லாரும் இதில்தானேடி வளர்ந்தீர்கள்" என்றார். வளர்ந்தோம், ஆனால் அப்போது ஒரு அத்தை, ஒரு பாட்டி, ஒரு விதவைப் பெரியம்மா என்று தொட்டில் பக்கத்தில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அறைக்குள் குழந்தையும் தாயும் மட்டும், தாயும் அசந்து தூங்குகிறாள். வர்ணமும் எனக்குப் பயம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், பல் முளைக்கிற குழந்தை தொட்டில் சட்டத்தைத்தான் முதலில் கடிக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழசை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தத் தூசி இன்னும் மோசம், வீடு முழுக்கப் பரவும். அந்தத் தொட்டிலை இப்போது ஊஞ்சல் கூடத்தில் வைத்திருக்கிறோம், பெயர் சூட்டிய அன்று ஒரு கால் மணி நேரம் குழந்தையை அதில் போட்டுப் பாட்டுப் பாடி எடுத்துக்கொண்டோம். திருக்கருகாவூரில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் அம்பாள் சன்னதியில் தங்கத் தொட்டிலில் குழந்தையைப் போட்டு எடுப்பதில்லையா, அதைப் போல.

இனி கடைக்கு வருவோம். நாங்கள் விசாரித்த வரையில் 2,000, 3,000 ரூபாய்க்குக் கிடைப்பது இரும்புக் குழாய் ஸ்டாண்டு, அதில் துணித் தொட்டில், சிலவற்றில் ஸ்பிரிங். வாங்குகிறவர்கள் வாங்குங்கள், ஆனால் அது கால் வைத்த தூளி என்று நினைத்துக்கொள்ளுங்கள், தூளிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். கால் அகலமாக இருக்கிறதா, பக்கவாட்டில் தள்ளினால் சாய்கிறதா என்று கடையிலேயே தள்ளிப் பாருங்கள்.

7,000 முதல் 12,000 வரை போனால் கம்பி வைத்த மரத் தொட்டில், பெரும்பாலும் பைன் அல்லது ரப்பர் மரம். நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே தாராளம் என்பது என் கருத்து. இதில் தலைமாட்டுப் பலகை மட்டும் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பாக இருப்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எம்டிஎஃப் ஓரம் ஊறி உப்பிவிடும், நம் ஊருக்கு அது ஒத்துவராது. என் நாத்தனார் மகன் இப்படி ஒன்றை இணையத்தில் வாங்கினான். பெட்டியைப் பிரித்தால் போல்ட் 16 இருக்க வேண்டிய இடத்தில் 14. மாற்று வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பக்கத்து இரும்புக்கடையில் அதே மாதிரி இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்றான், நான் விடவில்லை. மரை சரியாகப் பொருந்தாத போல்ட் ஒரு மாதம் நிற்கும், குழந்தை சட்டத்தைப் பிடித்து எழுந்து குலுக்க ஆரம்பிக்கும்போது கழன்றுவிடும். இரண்டு வாரமும் குழந்தை ஜமக்காளத்தில் படுத்தது, ஒரு குறையும் இல்லை.

20,000, 30,000 என்று போகும் தொட்டில்களில் குழந்தை வளர்ந்ததும் கட்டிலாக மாற்றலாம், மேஜையாக மாற்றலாம், கீழே இழுப்பறை என்று பலதும் இருக்கும். காசு இருந்தால் வாங்குங்கள், நல்ல மரமாக இருந்தால் பத்து வருஷம் உழைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் காசு மரத்துக்கும் அழகுக்கும்தான் போகிறது. குழந்தையின் உயிருக்கு வேண்டிய கம்பி இடைவெளியையும் சட்டத்தின் உயரத்தையும் 8,000 ரூபாய்த் தொட்டிலிலும் பார்த்து வாங்கலாம், 30,000 ரூபாய்த் தொட்டிலிலும் கோட்டைவிடலாம். மெத்தைப் பலகையைக் கடைசித் தட்டுக்கு இறக்கினால், பலகையிலிருந்து மேல்சட்டம் வரை இரண்டடி உயரம் இருக்க வேண்டும், குறைந்தால் எட்டு, ஒன்பது மாதத்தில் குழந்தை எட்டிக் கவிழ்ந்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் உறவுக்காரர்கள், தங்கள் பிள்ளை படுத்த தொட்டிலைக் கொடுப்பது நம் பக்கத்தில் சகஜம். மனசார வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்குகிற மாதிரி இருந்தால் உபயோகிக்க வேண்டாம். குனியாமல் குழந்தையை எடுக்க வசதியாக இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். அந்தக் கொக்கி தேய்ந்து ஒரு பக்கம் கழன்று, சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011இல் அந்த வகைத் தொட்டிலை விற்கவே தடை போட்டுவிட்டார்கள். தொட்டில் கம்பிகளின் உட்பக்கம் மெத்தென்று சுற்றிக் கட்டும் பஞ்சு வளையத்துக்கும் 2022இல் சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். இங்கே அது இன்னும் தொட்டிலோடு இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கொடுத்தால் வாங்கி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிலுக்குள் வேண்டாம்.

மெத்தை விஷயத்தில் பெரியவர்களோடு நான் நிறைய வாதாடியிருக்கிறேன். குழந்தைக்கு இலவம்பஞ்சு மெத்தை மெத்துமெத்தென்று இருக்க வேண்டும் என்பது அன்பில் சொல்வது. குப்புறத் திரும்பிவிட்டால் முகம் அதில் புதைந்துவிடும். தென்னை நார் மெத்தை போலக் கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காமல் உடனே எழும்ப வேண்டும். தொட்டிலின் உள்ளளவைக் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள், ஓரத்தில் இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது என்று அர்த்தம். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைப்போம் அல்லவா, அதையும் ஒரு வயசு வரை எடுத்துவிடுங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1990களில் அமெரிக்காவில் இதை ஊர் ஊராகச் சொன்ன பிறகு, தூக்கத்திலேயே இறந்துபோகும் சிசுக்களின் எண்ணிக்கை சில வருஷத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஒரு ரூபாய் செலவில்லை இதற்கு. கொசுவலையை உத்தரத்திலிருந்து விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. தொட்டில் முதல் ஆறு மாதமாவது தாய் படுக்கும் அறையிலேயே இருக்கட்டும்.

கடைசியில் நாங்கள் ஆசாரியிடம்தான் செய்யச் சொன்னோம். 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த பலா மரம் ஒன்று பட்டுக்கோட்டைப் பக்கத்து உறவுக்காரர் வீட்டில் பலகையாக அறுத்துக் கிடந்தது, நன்றாகக் காய்ந்த மரம். கூலியும் போல்ட்டும் மெத்தையும் சேர்த்து 9,000 ரூபாய் ஆயிற்று. 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மரத்துண்டை வெட்டி ஆசாரியிடம் கொடுத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் இதை விட்டுப் பாருங்கள் தம்பி, இதைவிட அகலமாக இருக்கக்கூடாது என்றேன். அவரும் முகம் சுளிக்காமல் நாலு பக்கமும் விட்டுப் பார்த்துக் காட்டினார். மூலைக்கால்கள் மேலே துருத்தாமல் சட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும், சட்டை மாட்டிக்கொள்ளும் என்று சொன்னதும் அறுத்து இழைத்துக் கொடுத்தார். மெத்தைப் பலகைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வரிசைத் துளை.

ஐப்பசி மழையில் மரம் கொஞ்சம் பெருத்து இறுக்கமாக இருந்தது. தையில் வெயில் ஏறியதும் மரம் சுருங்கி, தொட்டிலை அசைத்தால் லேசாகக் கிறீச்சென்றது. ஸ்பேனரை எடுத்துப் போல்ட் ஒவ்வொன்றையும் முறுக்கினோம், இரண்டில் அரைச் சுற்றுக்கு மேலேயே போனது. அப்போது பேரனுக்கு ஐந்து மாதம் நடந்துகொண்டிருந்தது, குப்புற விழுந்து கையை ஊன்றித் தலையை நிமிர்த்திச் சட்டத்துக்கு மேலே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்திருந்தான். முறுக்கிய கையோடு மெத்தைப் பலகையைக் கழற்றிக் கீழ்வரிசைத் துளைக்கு இறக்கிவிட்டோம்.

நன்றி, வணக்கம்.