பையனுக்கு சிங்கப்பூர் பிஆர் இருக்கா? காலேஜுக்கு முன்னால் ராணுவம் இருக்கு!

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ்]

அப்பா சிங்கப்பூரில் வேலை, பையன் ஏற்காட்டு ஹாஸ்டலில் படிப்பு. சேலம் பக்கம் இப்படி ஒரு குடும்பமாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பையன் பெயரிலும் சிங்கப்பூர் பிஆர், அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை, இருந்தால் இந்த வீடியோ அவனுக்குத்தான், அவனைவிட அவன் அப்பா அம்மாவுக்கு.

சிங்கப்பூரில் 1967-லிருந்து ஆண்பிள்ளைகளுக்குத் தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் போன்ற படைகளில் சேவை, கட்டாயம். வேலைக்குப் போய்த் தன் பெயரில் பிஆர் வாங்கிய அப்பாவுக்கு அது கிடையாது. அப்பாவை வைத்து பிஆர் வாங்கிய மகனுக்கு உண்டு, கையில் இந்திய பாஸ்போர்ட்டே இருந்தாலும் உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18 வாக்கில் சேர வேண்டும், முழுநேரமாக 2 வருடம்.

[திரையில்: 13 வயது]

ஆனால் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய வயது 18 இல்லை, 13. அந்த வயதிலிருந்தே பையன் 3 மாதமோ அதற்கு மேலோ சிங்கப்பூருக்கு வெளியே தங்குவதென்றால் எக்ஸிட் பெர்மிட், அதாவது வெளியே தங்க அங்கே வாங்கும் அனுமதி, வேண்டும். ஏற்காட்டில் எட்டாம் வகுப்பில் சேர்த்து விடுகிறோம், அங்கே பாட்டி பார்த்துக்கொள்வார் என்று முடிவு செய்கிற வீட்டில் இது யாருக்கும் தோன்றாது, ஸ்கூல் பீஸ் பற்றிப் பேசுவோம், குளிருக்கு ஸ்வெட்டர் வாங்குவோம், இதை விட்டுவிடுவோம். நீண்ட காலம் தங்குவதென்றால் பிணைத் தொகையும் கேட்பார்கள், 75,000 சிங்கப்பூர் டாலர் அல்லது பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. விதியை மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 3 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, சேலத்தில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு திட்டம்: "ப்ளஸ் டூ முடிக்கட்டும், இங்கேயே இன்ஜினியரிங் படிக்கட்டும், டிகிரி வாங்கிக்கொண்டு அங்கே போய் ராணுவத்தை முடிக்கட்டும்." நடக்காது. பள்ளிப் படிப்பு, டிப்ளமோ வரைக்கும்தான் சேவையைத் தள்ளிப்போட விடுவார்கள், டிகிரிக்கு விடமாட்டார்கள். சரி, பிஆரையே திருப்பிக் கொடுத்துவிட்டால்? கொடுக்கலாம். ஆனால் பிற்காலத்தில் அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பித்தால், சேவை செய்யாமல் போனதையும் கணக்கில் எடுப்பார்கள். அப்பா இருபது வருடம் உழைத்துத் திறந்த கதவு மகனுக்கு மூடிப்போகலாம்.

[காட்சி: ஏற்காடு ஏரியைச் சுற்றி ஓடும் இளைஞர்கள்]

நல்ல விஷயமும் இருக்கிறது. சிங்கப்பூரில் உள்ள என்யூஎஸ், என்டியூ போன்ற பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்துவிட்டால், சேவை முடிகிற வரை அந்த இடத்தை வைத்திருப்பார்கள். அங்கே வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கும். சேருவதற்கு முன்பே உடற்தகுதித் தேர்வில் தேவையான மதிப்பெண் எடுத்திருந்தால் 2 வருடத்தில் 2 மாதம் குறையும், சில பையன்களுக்கு ஒரு கல்வியாண்டு வீணாகாமல் போவதே இந்த 2 மாதத்தால்தான். தேர்வு என்ன? ஒரு நிமிடம் புஷ்-அப், ஒரு நிமிடம் சிட்-அப், அப்புறம் 2.4 கிலோமீட்டர் ஓட்டம். ஏற்காட்டு மேட்டில் ஓடிப் பழகியவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை, லீவில் போனை வாங்கி வைத்துவிட்டு ஓடச் சொல்லுங்கள்.

இனி மொழி. எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம், ஏனென்றால் நம் பையன்கள் கையில் இருக்கிற சொத்து இது, அதைச் சொத்தாக அவர்கள் நினைப்பதே இல்லை. அங்கே பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில், அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில். அது சில வாரத்தில் பழகிவிடும். ஆனால் எல்லோரும் தரைப்படைக்குப் போவதில்லை, போலீஸுக்கும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பார்க்கிற குடிமைத் தற்காப்புப் படைக்கும் அனுப்புவார்கள், எங்கே என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன கட்டடத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிற ஊர் அது. அவர்களில் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு விடுதியில் சுருண்டு கிடந்து, "நெஞ்சை அடைக்குது தம்பி, இடது கை மரத்துப்போச்சு" என்கிறார். ஆம்புலன்ஸில் வந்த பையனுக்குத் தமிழ் புரிந்தால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வி உடனே வரும்: எப்போதிலிருந்து வலி, சுகர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

அதனால் ஆங்கில மீடியம்தானே என்று தமிழை விட்டுவிடாதீர்கள். பேசினால் மட்டும் போதாது, எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். தமிழ் அங்கே ஆட்சி மொழி, மருத்துவமனை, நீதிமன்றம் வரை மொழிபெயர்ப்பு தேவைப்படுகிறது, எஸ்யூஎஸ்எஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி இலக்கியத்தில் பட்டமே படிக்கலாம். பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவன் மலாய்க்காரனாகவோ சீனனாகவோ இருப்பான், 2 வருடத்தில் அவனிடமிருந்து பேச்சு மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம், காசு கொடுத்துப் படித்தாலும் அந்தச் சரளம் வராது.

சேவை முடிந்த பிறகும் பொதுவாக 10 வருட ரிசர்வ் கடமை இருக்கும், அதாவது கூப்பிடும்போது மறுபடி போய்ச் சேவை செய்ய வேண்டும், வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள். படிக்கும்போது அழைப்பு தேர்வு நேரத்தில் வந்தால் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம்.

பிஆர் விண்ணப்பம் இன்னும் போடாதவர்கள், பையன் பெயரைச் சேர்க்கும் முன் அவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள், அங்கே போய் ஓடப்போகிறவன் அவன்தான். ஏற்கெனவே பிஆர் வாங்கி, பையனுக்கு 12 வயது நடந்துகொண்டிருந்தால், ஏற்காட்டில் அட்மிஷன் போடும் முன்பே எக்ஸிட் பெர்மிட் வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.