சிறுநீரக நோயாளிக்கு ட்ரோபோனின் கூடினால் மாரடைப்பா?

வணக்கம் நண்பர்களே, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்கு மூச்சு வாங்குகிறது. மருத்துவமனையில் ட்ரோபோனின் டி, அதாவது இதயத் தசையில் இருக்கும் ஒரு புரதத்தின் அளவு, ரத்தத்தில் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 52, பக்கத்தில் '14-க்குள் இயல்பு' என்று அச்சாகியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் கை கால் ஓடவில்லை.

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து மாரடைப்பு என்று சொல்லவே முடியாது. இதயத் தசை காயப்பட்டால் ட்ரோபோனின் ரத்தத்தில் கசியும். ஆனால் சிறுநீரக நோயாளிகள் பலருக்கு, அதிலும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, ஒரு தொந்தரவும் இல்லாத நாளிலும் அது 14-ஐத் தாண்டித்தான் நிற்கும். வருடக்கணக்கான ரத்த அழுத்தத்தில் இதயச் சுவர் தடித்துப் போயிருக்கும். சிறுநீரகம் வெளியேற்றுவதும் குறைந்திருக்கும்.

சரி, அப்போ எதைப் பார்ப்பது? எண் நகர்கிறதா என்று. 3 மணி நேரம் கழித்து எடுத்தால் 52 என்பது 54 ஆகிறது. கிட்டத்தட்ட அதே இடம்தான், பழைய பாதிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதுவே 78 ஆனால் கதையே வேறு. ஏற்கெனவே உயர்ந்திருப்பவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அது புதிய காயம். கூடவே அறிகுறி, ஈசிஜி, எக்கோ இவற்றில் ரத்த ஓட்டக் குறைவுக்கான சான்று இருந்தால்தான் மாரடைப்பு என்பார்கள்.

என்னால் பொறுக்க முடியாத ஒன்று, 'கிட்னி பேஷண்ட்தானே, அப்படித்தான் இருக்கும்' என்று ஒதுக்கிவிடுவது. அசையாமல் உயர்ந்து நிற்கும் ட்ரோபோனினும் பின்னால் வரக்கூடிய இதய ஆபத்தைக் காட்டும் அடையாளம்தான். இவர்களில் பலருக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாக வருகிறது. எண் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதற்காக இரண்டாவது பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், இதயச் செயலிழப்புக்குப் பார்க்கும் என்டி-ப்ரோபிஎன்பி. சிறுநீரகம் மந்தமானால் இதுவும் ஏறும், இதே காரணத்துக்குப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான பிஎன்பியை விடவே அதிகமாக. ஆனால் இதயச் செயலிழப்புக்குத் தரும் சாக்குபிட்ரில் கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த மருந்தே பிஎன்பியை ஏற்றிவிடும், அவருக்கு என்டி-ப்ரோபிஎன்பிதான் சரி. உடம்பில் நீர் தேங்கினால் இரண்டுமே கூடும்.

உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தால் பத்திரமாக வையுங்கள். அது ட்ரோபோனின் 'டி' (T) வகையா, 'ஐ' (I) வகையா என்றும் பாருங்கள். இரண்டின் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது.