குழந்தைக்கு எந்த ஊர்?

(ஓசூரில் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, அழைத்தவுடன் மறுக்காமல் வந்திருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, வழக்கறிஞர் சங்கப் பெருமக்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்த வெயிலிலும் திரண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

கணவன் மனைவி பிரிந்தபின் குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கைப் பற்றி இரண்டு செய்திகள் பேச வந்தேன்: சட்டம், சந்திப்பு.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஒரு வீடு இரண்டு மாநிலமாகப் பிரிந்தால் கொண்டாட்டம் வாய்தாவுக்குத்தான். 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். அதனால் என்ன நடக்கிறது? ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், வேறு மாநிலத்தில் பள்ளிக்கூடம் சேர்த்து, "இதுதான் இதன் ஊர்" என்கிறார்கள். குழந்தை யாரிடம் வளரட்டும் என்று பேசுவதற்கு முன்பே, எந்த ஊர்க் கோர்ட் என்று வருஷம் ஓடுகிறது. பக்கத்து அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம். ஆனால் இங்குள்ள வழக்கை அங்கே மாற்ற டெல்லிக்குப் போக வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 25ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. திருநெல்வேலிக்காரர். மனைவி பிறந்த வீட்டோடு பெங்களூரில். பையனுக்கு நாலு வயது. ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தாயிடம் என்பது இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம். மாதம் ஒரு சனிக்கிழமை, கோர்ட் வராந்தாவில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். இவர் ராத்திரி பஸ் ஏறி, அல்வாப் பொட்டலத்தோடு போய் நின்றார். பையனுக்கு முதல் நாள் காய்ச்சல். அந்தப் பெண் வராமல் இருந்திருக்கலாம். இருந்தும் தூக்கிக்கொண்டு வந்தாள். மருந்து மயக்கம், பிள்ளை அப்பன் மடியில் தூங்கிவிட்டான். மின்விசிறி இல்லை. கையிலிருந்த கேஸ் கட்டால் விசிறிக்கொண்டே இருந்தார். நேரம் முடியும்போது அவளே வந்து, "எழுப்பி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள். "வேணாம்மா, தூங்கட்டும்" என்றார் இவர். மறுபடி ராத்திரி பஸ்.

தாய்மார்களே, அந்த இருவரும் அன்று சண்டைக்காரர்களா? ஊர் இரண்டுபட்டால்தானே கூத்தாடிக்குக் கொண்டாட்டம்! அவர்களுக்கு ஒரு பாயும் ஒரு விசிறியும் போட்ட அறை கிடைக்கவில்லை.

2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குழந்தையைப் பிரிந்திருக்கும் பெற்றோருக்கு, சிறப்புக் காரணம் ஏதும் தடுத்தாலன்றி, தினமும் ஐந்து பத்து நிமிடம் பேச உரிமை உண்டு. பெற்றோர் வெவ்வேறு மாநிலத்தில் இருந்தால் இது இன்னும் முக்கியம் என்றும் சொன்னது. இடைக்கால உத்தரவிலேயே இதை எழுதி வாங்குங்கள், வழக்கறிஞர்களே.

எங்கள் கோரிக்கை ஒன்றே. எல்லை ஊரான ஓசூரில், கோர்ட் வாசலுக்கு வெளியே, பொம்மையும் கழிப்பறையும் தண்ணீரும் உள்ள ஒரு சந்திப்பு இல்லம். மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. நீதிபதி ஐயா முதல் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தது மாமன்ற உறுப்பினர் அம்மா. அதன்பின் வரிசையாக வாருங்கள், பேனா நான் தருகிறேன்.