ரச வாளியைத் தூக்குவது யார்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்துக்காரன். ஃபுட்பால் ஆட்டக்காரர் பெலேவுக்குச் சிலை வைத்த ஏரியா. எங்கள் பக்கத்து டீக்கடையில் பால் பொங்குவதற்குள் நாலு டீமைக் கலைத்து அடுக்கிவிடுவார்கள். பிளேயர்களை வாங்கி விற்கும் மாதம் வந்தால் கேட்கவே வேண்டாம். "புதுசா ஒரு பார்வர்டு எடுத்திருக்காங்க, தெரியுமா?" என்று, முன்னால் நின்று கோல் போடும் ஆளைப் பற்றி ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "போன சீசன் எத்தனை கோல்?"

நான் ஆடிய காலத்தில் லெஃப்ட் பேக், அதாவது பின்னால் இடது பக்கத்தைக் காப்பவன். அதனால் எனக்கு வேறு கேள்விதான் வாயில் வரும். பந்து பறிபோனால் அவன் திரும்பி ஓடுவானா?

இது பட்டுத் தெரிந்துகொண்டது. இங்கே லீக்கில் ஒரு டீமுக்கு ஆடிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். எனக்கு முன்னால் இடது பக்கம் ஆடிய பையன் பெரிய ஆட்டக்காரன் இல்லை. டிரிப்ளிங் சுமார், ஷாட் அதைவிடச் சுமார். ஆனால் நான் பந்தோடு மேலே ஏறினால், சொல்லாமலே பின்னால் இறங்கி என் இடத்தைப் பார்த்துக்கொள்வான். சீசன் நடுவில் அவனை உட்கார வைத்துவிட்டு, புதிதாக ஒரு விங்கரை, ஓரமாக ஓடித் தாக்கும் ஆளை, கொண்டுவந்தார்கள். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு போகும். அசோக் நகர் ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். கேலரியே எழுந்து கைதட்டியது. எனக்கும் குஷி, மேலே ஏறினேன். அவன் ஒருவனை ஏமாற்றித் தாண்டினான், இரண்டாவது ஆளிடம் பந்தை விட்டான், விட்டவன் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் வெறும் கிரவுண்டு. அதில் எதிர் டீமின் ரைட் விங்கர் தனியாக ஓடுகிறான். அவனைத் தடுக்க, கோலுக்கு முன்னால் நடுவைக் காக்கும் எங்கள் ஸ்டாப்பர் ஓரத்துக்கு ஓடினார். அவர் விட்டுவந்த இடத்தில் இன்னொருவன் நின்று, நிதானமாகக் கோல் போட்டான். மறுநாள் எல்லாரும் திட்டியது ஸ்டாப்பரை!

டீமின் பேலன்ஸ் என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். ஒருவன் புதிதாக வந்தால் அவனைச் சுற்றி மூன்று பேரின் வேலை மாறிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்ற எல்லாருக்கும் ஆசை. ரச வாளியைத் தூக்க ஆள் வேண்டாமா?

ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் டீம் 2003-ல் அந்த ரச வாளியைத் தூக்கும் ஆளை விற்றுவிட்டது. ஜிடேன், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல் ஏற்கெனவே இருந்தார்கள். அந்தக் கோடையில் பெக்காம் வந்தார். அதே கோடையில், இவர்களுக்கெல்லாம் பின்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுத்த மகலேலே இங்கிலாந்தின் செல்சி டீமுக்குப் போனார். பெக்காம் வழக்கமாக ஆடும் வலது ஓரத்தில் ஃபிகோ இருந்ததால், பெக்காம் நடுவில் ஓட வேண்டியதாயிற்று. பாஸ் அருமையாகத்தான் போட்டார், ஆனால் அது மகலேலேயின் வேலை இல்லையே. சீசன் பாதிக்கு மேல் முதலிடத்தில் இருந்த டீம், கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று நான்காவதாக வந்தது.

நேர்மாறான கதையும் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் டீம் 2015-ல் கான்டே என்ற நடுக்கள ஆட்டக்காரரை எடுத்தபோது டீக்கடையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. முந்தைய சீசனில் 14-வது இடத்தில் இருந்த டீம் அது. கான்டே இரண்டு ஆள் ஓடவேண்டியதை ஒருவராக ஓடினார். அதனால் தாக்கி ஆடும் வார்டியும் மாரெஸும் முன்னாலேயே காத்திருக்க முடிந்தது. லெஸ்டர் சாம்பியன். மறுவருஷம் அவர் செல்சிக்குப் போனார், செல்சி சாம்பியன். லெஸ்டர் 12-வது இடம். எல்லாம் அவர் ஒருவரால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்.லில் 2021-22 முதல் ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் கிரவுண்டில் நிற்கலாம், அதற்குமுன் ஐந்து. இதில்தான் நம் கோச்சுகளின் தலைவலி. ஒரு இடத்தை பார்வர்டுக்குக் கொடுத்தால், நடுவிலோ பின்னாலோ ஒரு இடம் நம்ம பையனுக்கு. அந்தப் பையன் தாங்குவானா என்று தெரியாமல் வெளிநாட்டு பார்வர்டை எடுப்பது, அஸ்திவாரம் பார்க்காமல் மாடி கட்டுவது மாதிரி.

2022-ல் பெங்களூரு எஃப்.சி. ராய் கிருஷ்ணாவை எடுத்தது. ஃபிஜிக்காரர், ஏற்கெனவே இங்கே கோல் மழை பொழிந்தவர். கூடவே ஹாவி ஹெர்னாண்டஸ், பிரபீர் தாஸ். அந்த செப்டம்பரிலேயே டியூரண்ட் கோப்பை வந்துவிட்டது. டீமின் சொந்த ஸ்டேடியமான கண்டீரவாவில் ஒரே கொண்டாட்டம். ஆனால் லீக் ஆரம்பித்ததும் டீம் தடுமாறித் தடுமாறித் தோற்றது. என் கண்ணுக்குப் பட்டது இது: நம் டீமின் பழைய பார்வர்டு சுனில் சேத்ரி நிற்க விரும்பும் இடத்திலேயே கிருஷ்ணாவும் நிற்க விரும்பினார். இருவருக்கும் பந்து காலுக்கு வேண்டும். எதிரி டிஃபென்ஸைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓட ஆள் இல்லை. அப்புறம் சிவசக்தி என்ற நம் சிவகங்கைப் பக்கத்துப் பையனுக்கு இடம் கிடைத்தது. அவன் பந்துக்குக் காத்திருக்காமல் டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓடினான். கிருஷ்ணாவுக்கு ஓரங்களில் இறங்கி ஆட இடம் கிடைத்தது. சேத்ரி பல ஆட்டங்களில் பெஞ்சில் இருந்து வந்தார். இந்தியாவின் மிகப் பெரிய கோல்காரரை உட்கார வைப்பது எந்தக் கோச்சுக்கும் தூக்கம் கெடும் முடிவு. லீக்கின் கடைசி எட்டு ஆட்டங்களையும் பெங்களூரு வென்று, ஃபைனல் வரை போய், பெனால்டியில் தோற்றது. புதிதாக எடுத்த ஆள் அதே ஆள்தான், அவரைச் சுற்றி வேலையைப் பிரித்த விதம் மாறியிருந்தது.

எங்கள் விங்கர் கதையை முடிக்கவில்லையே. முதல் ஆட்டத்துக்கப்புறம் நான் பயந்துபோய் சென்டர் லைனைத் தாண்டவே இல்லை. நான் ஏறாததால் எதிர் டீம் அவனை இரண்டு பேராக மறித்தது. அவனும் வாடிவிட்டான். நான்கு ஆட்டம் இப்படியே போயிற்று. ஐந்தாவது ஆட்டத்தில் கோச், பாஸ் அழகாகப் போடும் ஒரு சீனியரை வெளியே உட்காரவைத்து, அந்தப் பழைய பையனை நடுவில் இறக்கினார். இடது பக்கமாகச் சாய்ந்து ஆடு என்று மட்டும் சொன்னார். கேலரி கத்தியது. பத்தாவது நிமிஷம் பந்து எனக்கு வந்தது. ஏறும்போது ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன். பையன் அங்கே இருந்தான்.

வணக்கம்.