1928-29 ஐஸ் ஹாக்கி சீசனை எக்ஸெல்ல ஓட்டிப் பாத்தேன், அந்த 22 மட்டும் வர மாட்டேங்குது

வணக்கம் மக்களே. ஆடியோ கேக்குதா... ஓகே கேக்குது. பின்னாடி ஃபேன் சத்தம் வரும், கண்டுக்காதீங்க, அதை நிறுத்தினா நான் உருகிடுவேன், ஐஸ் ஹாக்கி பத்தி பேசறவனோட நிலைமை இது.

ஒரு மாசமா நான் பண்ணிட்டு இருக்கற வெட்டி வேலைய இன்னைக்கு காட்டப்போறேன். என்ஹெச்எல், அதாவது வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக், அதுல 1928-29 சீசனை அப்படியே எக்ஸெல்ல திரும்ப ஆட விட்டிருக்கேன். 10 டீம், ஆளுக்கு 44 மேட்ச், மொத்தம் 220 மேட்ச். ஏன் இந்த சீசன்னு கேப்பீங்க. அந்த லீக் வரலாற்றுலயே கோல் விழவே பயந்த சீசன் இதுதான். 220 மேட்ச்ல மொத்தமே 642 கோல், அதாவது ரெண்டு டீமும் சேந்து ஒரு மேட்சுக்கு மூணு கோல்கூட இல்ல. எதிரிய ஒரு கோல்கூட போட விடாம ஆடி முடிச்சா அதுக்கு ஷட்அவுட்னு பேரு, மான்ட்ரியல் கனடியன்ஸ் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் அந்த சீசன்ல மட்டும் 22 ஷட்அவுட் வச்சாரு. 44 மேட்ச்ல 22, கரெக்டா பாதி. இன்னைக்கு வரைக்கும் யாரும் அது கிட்ட போகல.

ஏன் கோல் விழலன்னா ரூல் அப்படி. எதிரி கோல் இருக்கற பக்கம், அந்த நீலக்கோட்டுக்கு உள்ள போயிட்டீங்கன்னா பக்கை முன்னாடி பாஸ் பண்ணக் கூடாது. பக்குன்னா பந்துக்கு பதிலா இருக்கற அந்த கருப்பு ரப்பர் வட்டு. பக்கத்துல தள்ளலாம், பின்னாடி தள்ளலாம், இல்ல நீங்களே குச்சில உருட்டிக்கிட்டு போகணும். ரக்பி பாத்திருந்தா சட்டுனு புரியும். அப்போ ஆள் வர்ற வழி கீப்பருக்கு முன்னாடியே தெரிஞ்சுடும், பெரும்பாலும் ஒருத்தர்கிட்ட இருந்துதான் ஷாட் வரும்.

சரி எக்ஸெலுக்கு வர்றேன், ஸ்க்ரீன் பாருங்க. ஒவ்வொரு டீமும் நிஜத்துல எத்தனை கோல் போட்டாங்க, எத்தனை வாங்கினாங்க, அந்த ரெண்டு நம்பர்தான் என் மூலதனமே. பாஸ்டன் 89 போட்டிருக்கு, டொரண்டோ 85, கடைசில சிகாகோ பிளாக் ஹாக்ஸ், சொன்னா நம்பமாட்டீங்க, முழு சீசனுக்கும் 33 கோல். முப்பத்தி மூணு. அவங்க டீம்ல அதிகமா கோல் போட்ட விக் ரிப்ளி போட்டதே 11. இப்போ சிகாகோ கனடியன்ஸ் கூட ஆடுதுன்னு வைங்க, சிகாகோ அட்டாக் லீக் சராசரில பாதி, கனடியன்ஸ் வாங்கறது சராசரில மூணுல ரெண்டு பங்கு, பெருக்கிப் பாத்தா சிகாகோ அந்த மேட்ச்ல எதிர்பாக்கலாம்னு வர்றது அரை கோல். அரை கோலை எப்படிப் போடறது, அதனால பாய்சான் கணக்குல, அதாவது சராசரி தெரிஞ்சா 0, 1, 2 எல்லாம் எவ்வளவு தடவை வரும்னு சொல்ற கணக்குல, ஒரு ரேண்டம் நம்பர் எடுத்து 0, 1, 2ன்னு மாத்திக்கணும். அந்த கணக்குப்படி பத்து மேட்ச்ல ஆறு தடவை சிகாகோவுக்கு முட்டைதான். சமன்ல நின்னா கூட பத்து நிமிஷம் ஆடுவாங்க, அதுக்கு கோல் ரேட்டுல ஆறுல ஒரு பங்கு. அப்பவும் சமன்னா டிராதான், இப்போ மாதிரி ஷூட்அவுட், அதாவது ஆளாளுக்கு ஒரு ஷாட் அடிச்சு முடிவு பண்றது எல்லாம் கிடையாது.

இதுல நான் பட்ட பாட்டை சொல்லியே ஆகணும். முதல் தடவை முழு சீசனும் ஓட்டி, ப்ளேஆஃப் வரைக்கும் போயி, டொரண்டோ கப்பு ஜெயிச்சிருச்சு. நமக்கு ஒரே குஷி, ஸ்க்ரீன்ஷாட்டுக்கு முன்னாடி டீம் பேருல ஒரு எழுத்து தப்பா இருக்கேன்னு திருத்தி என்டர் தட்டறேன், மொத்த சீசனும் மாறிப் போச்சு. எக்ஸெல்ல ரேண்டம் ஃபார்முலா இருக்கே, நீங்க எந்த மூலைல எதைத் தொட்டாலும் எல்லா நம்பரையும் புதுசா குலுக்கிப் போட்டுடும். டொரண்டோ ப்ளேஆஃபுக்கே வரல. ராத்திரி ஒண்ணரை மணிக்கு அதைப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன். யாராச்சும் இந்த மாதிரி பண்ணப் போறீங்கன்னா ஒவ்வொரு வாரம் முடிஞ்சதும் காப்பி பண்ணி வேல்யூஸா மட்டும் பேஸ்ட் பண்ணிடுங்க, ப்ளீஸ்.

ரெண்டாவது தடவை உஷாரா ஓட்டினேன். கனடியன்ஸ் அவங்க டிவிஷன்ல முதல், பாஸ்டன் இன்னொரு டிவிஷன்ல முதல், இது ரெண்டும் நிஜம் மாதிரியே. சிகாகோ 36 கோல், ஏதோ மூணு கோல் கருணை காட்டியிருக்கு. அரையிறுதில ஹெய்ன்ஸ்வொர்த் பாஸ்டனை அஞ்சாவது மேட்ச்ல 1-0ன்னு முடிச்சாரு, அப்புறம் ரேஞ்சர்ஸை அடிச்சு கப்பு கனடியன்ஸுக்கு. நிஜத்துல நடந்தது உல்டா. பாஸ்டன் முதல் மேட்ச் 1-0, ரெண்டாவது 1-0, மூணாவது 3-2ன்னு நேரா மூணையும் ஜெயிச்சு அனுப்பிட்டாங்க. 22 ஷட்அவுட் வச்ச மனுஷனுக்கு ப்ளேஆஃப்ல ஒரு மேட்ச்கூட ஜெயம் இல்ல. அந்தப் பக்கம் டைனி தாம்சன்னு ஒரு கீப்பர், என்ஹெச்எல்ல அவருக்கு அதுதான் முதல் வருஷம். அப்புறம் 1929 மார்ச் 28, 29ல நியூயார்க் ரேஞ்சர்ஸை 2-0, 2-1ன்னு அடிச்சு பாஸ்டன் முதல் தடவையா ஸ்டான்லி கப் தூக்குச்சு.

அந்த ரேஞ்சர்ஸ் ஃபைனலுக்கு வந்த கதையும் இருக்கு. நியூயார்க் அமெரிக்கன்ஸ் கூட ரெண்டு மேட்ச், மொத்த கோல் கணக்கு, அதுல ரேஞ்சர்ஸ் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் ஓவர்டைம்ல. அமெரிக்கன்ஸ் கீப்பர் ராய் வொர்டர்ஸ், உயரம் 5 அடி 3 அங்குலம், அந்த வருஷம் லீக்கோட சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் டிராஃபி வாங்கின ஆளு, கீப்பருக்கு அது கிடைச்சதே அதுதான் முதல் தடவை. ரெண்டு மேட்ச்ல ஒரு கோல் விட்டுட்டு வீட்டுக்குப் போனாரு பாவம்.

இப்போ என் பிரச்சனைக்கு வர்றேன். என் சீசன்ல ஹெய்ன்ஸ்வொர்த்துக்கு 17 ஷட்அவுட்தான். சரி ஏதோ அதிர்ஷ்டம்னு 100 சீசன் ஓட்டினேன், லேப்டாப் கத்துச்சு. 16, 18, 15, 17ன்னு சுத்தி சுத்தி அங்கயே நிக்குது. 22 இல்ல அதுக்கு மேல வந்தது 100ல 7 தடவை. அதே மாதிரி சிகாகோ 1929 பிப்ரவரில தொடர்ந்து எட்டு மேட்ச் ஒரு கோல்கூட போடல, அது என் 100 சீசன்ல 4 தடவை வந்துச்சு. ரெண்டும் ஒரே சீசன்ல? ஒண்ணுகூட இல்ல.

முதல்ல ஃபார்முலா தப்போன்னு ரெண்டு நாள் தேடினேன். ஃபார்முலா சரிதான், அந்தக் காலத்து ஆட்டத்தைதான் நான் சரியா உள்ள ஏத்தல. என் எக்ஸெல்ல 1-0ன்னு முன்னாடி இருக்கற டீமும் 0-0ல இருக்கற டீமும் ஒரே மாதிரிதான் ஆடும். நிஜத்துல அப்படியா ஆடுவாங்க? ஐசிங் ரூல் வந்ததே 1937ல. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு கோல் முன்னாடி இருந்தா, பக்கு கைக்கு வந்ததும் அந்தக் கோடி வரைக்கும் ஓங்கி அடிச்சு விட்டுட்டே இருக்கலாம், யாரும் விசில் ஊத மாட்டாங்க. பின்னாடி இருக்கற டீம் கடைசி நிமிஷத்துல கீப்பரை வெளிய எடுத்துட்டு ஒரு ஆளை கூட இறக்குவாங்க பாருங்க, அந்த ஐடியாவை பாஸ்டன் கோச் ஆர்ட் ராஸ் பண்ணினது 1931ல. அப்போ 1929ல 1-0ன்னு முன்னாடி போயிட்டா கதவை சாத்திட்டு தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அதனால முன்னாடி இருக்கற டீமுக்கு கடைசி பீரியட்ல, பீரியட்னா இருபது நிமிஷம், எதிரியோட கோல் ரேட்டை கால்வாசி குறைச்சேன், ஆனா மொத்த கோல் மாறாத மாதிரி முதல் ரெண்டு பீரியட்ல ஏத்தி விட்டேன். ஷட்அவுட் கொஞ்சம் ஏறுச்சு, இன்னும் 22 சாதாரணமா வர்ற நம்பர் ஆகல. கால்வாசிங்கறது நான் குத்துமதிப்பா வச்சது, அது உண்மை, மறைக்கல.

அடுத்த வீடியோ 1929-30. அந்த சீசன்ல முன்னாடி பாஸ் பண்றதை எதிரி பக்கமும் அனுமதிச்சாங்க, கோல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நம்ம ஹெய்ன்ஸ்வொர்த் 22ல இருந்து 4 ஷட்அவுட்டுக்கு வந்துட்டாரு. ஆளுங்க கோல் முன்னாடியே டேரா போட ஆரம்பிச்சதுல டிசம்பர்ல சீசன் நடுவுலயே ரூலை மாத்தி, பக்கு போறதுக்கு முன்னாடி ஆள் அந்த நீலக்கோட்டுக்கு உள்ள போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒரே சீசனுக்கு ரெண்டு கோல் ரேட் போடணும், டிசம்பர் வரைக்கும் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. இன்னும் ஆரம்பிக்கல. ஃபைலை இப்போ சேவ் பண்ணிக்கறேன், வேல்யூஸா. பாத்துட்டு இருங்க, பை.