எக்ஸ்சேஞ்ச் அப்ளிகேஷன்: முதல்ல எந்தக் கதவைத் தட்டணும்?

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேக்குதுன்னா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, ஆஃப் பண்ணா என்னால அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. பின்னாடி மேஜையில ஒரு தடி புத்தகம் தெரியுதுல்ல? அது ஏன் அங்க விரிச்சு வெச்சபடி இருக்குனு கடைசியில சொல்றேன். இந்த வீடியோவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

நான் ஒரு செமஸ்டர் நெதர்லாந்துல எக்ஸ்சேஞ்ச்ல படிச்சுட்டு வந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தெரிஞ்சவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "எந்த யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணீங்க?" நானும் அந்தக் கேள்வியிலதான் ஆரம்பிச்சேன். அதனாலயே ஒரு வருஷம் போச்சு.

என்ன ஆச்சுனா, அங்க இருக்கற ஒரு யுனிவர்சிட்டியோட வெப்சைட்டை மூணு வாரம் கரைச்சுக் குடிச்சேன். கோர்ஸ் லிஸ்ட், ஹாஸ்டல் போட்டோ, பஸ் ரூட் வரைக்கும் மனப்பாடம். அப்புறம் அங்க ஒரு ப்ரொஃபசருக்கு நீளமா மெயில் போட்டேன். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, ஒரே வரி: உங்க யுனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஆஃபீஸைக் கேளுங்க. சரினு எங்க ஆஃபீஸுக்குப் போனா, எங்க காலேஜுக்குள்ள நடக்கற தேர்வுக்கான கடைசித் தேதி முடிஞ்சு ஒன்பது நாள் ஆயிருந்துச்சு. நோட்டீஸ் போர்டுல ஒட்டியே இருந்திருக்கு. தினமும் அந்த போர்டைத் தாண்டித்தான் கிளாஸுக்குப் போயிருக்கேன்!

எக்ஸ்சேஞ்ச்ங்கறது ரெண்டு யுனிவர்சிட்டிக்கு நடுவுல இருக்கற ஒப்பந்தம். நீங்க ஒரு பையனை அனுப்புங்க, நாங்க ஒரு பொண்ணை அனுப்பறோம், ஃபீஸை அவங்கவங்க சொந்த இடத்துலயே கட்டிக்கட்டும், இவ்வளவுதான் விஷயம். அதனாலதான் பெரும்பாலும் அங்க தனியா டியூஷன் ஃபீஸ் கேக்கறதில்ல. அதனாலயேதான் நாம நேரா அங்க போய் நிக்கவும் முடியாது. நம்ம காலேஜ் நம்ம பேரை அங்க அனுப்பணும். அதுக்கு நாமினேஷன்னு பேரு. நாமினேஷன் போன பிறகுதான் அந்த ஊர் அப்ளிகேஷன் லிங்க்கே நமக்கு வரும். கடைசித் தேதியும் மூணு இருக்கு: காலேஜுக்குள்ள ஒண்ணு, நாமினேஷனுக்கு ஒண்ணு, அங்க அப்ளை பண்ண ஒண்ணு. வெளிநாட்டு வெப்சைட்ல பளபளனு தெரியறது இந்த மூணாவது தேதி. நம்மளைக் கவுக்கறது முதல் தேதி.

ஒப்பந்தம் இல்லாத இடத்துக்குப் போகணும்னா 'ஃப்ரீ மூவர்'னு ஒரு வழி சில இடங்கள்ல இருக்கு. ஆனா ஃபீஸ் நம்ம தலையில. அது வேற கணக்கு.

எராஸ்மஸ்னு ஐரோப்பிய யூனியன் நடத்தற எக்ஸ்சேஞ்ச் திட்டம் ஒண்ணு இருக்கு, அதுவும் இதே கதைதான். 1987ல 11 நாடுகளோட ஆரம்பிச்சாங்க, முதல் வருஷம் போனவங்க 3,244 பேர். இன்னைக்கு அதுக்கு எராஸ்மஸ் பிளஸ்னு பேரு, ஐரோப்பாவுக்கு வெளிய இருக்கற மாணவங்களும் அதுல ஒரு செமஸ்டர் போகலாம். ஆனா உங்க காலேஜுக்கும் அந்த காலேஜுக்கும் அந்தத் திட்டத்துல ஒப்பந்தம் இருக்கணும். நேரா பிரஸ்ஸல்ஸ்ல இருக்கற யூனியன் ஆஃபீஸுக்கு அப்ளிகேஷன் போடற வேலையெல்லாம் இல்ல. இதுல ஒரு குழப்பம் அடிக்கடி வருது: எராஸ்மஸ் முண்டுஸ்னு இன்னொண்ணு இருக்கு. அது முழு மாஸ்டர்ஸ் டிகிரி, அதுக்கு நீங்களேதான் நேரா அப்ளை பண்ணணும். பேர் ஒண்ணா இருக்குங்கறதுக்காக இதை அதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

சரி, ரெண்டாவது வருஷத்துக்கு வர்றேன். இந்தத் தடவை நான் வெப்சைட்டையே திறக்கல. முதல்ல எங்க இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல போய் ஒப்பந்த லிஸ்டைக் கேட்டேன். எங்க டிபார்ட்மென்டுக்கு ஒத்து வர்றது நாலே நாலு இடம். கனவெல்லாம் அங்கயே சுருங்கிடுச்சு, ஆனா வேலை சுலபமாயிடுச்சு. அடுத்து, போன வருஷம் போய்ட்டு வந்த ஒரு சீனியரைப் பிடிச்சேன். அவங்ககிட்ட கிடைச்சது எந்த வெப்சைட்லயும் கிடைக்காது.

இப்போ கோர்ஸ் மேட்சிங். கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா அப்ளிகேஷன்ல முக்கால்வாசி இதுதான். அங்க நீங்க படிக்கற ஒவ்வொரு பாடமும் இங்க எந்தப் பாடத்துக்குப் பதிலா வருதுனு ஒரு அட்டவணை போடணும். இதுக்கு லேர்னிங் அக்ரிமென்ட்னு பேரு. நீங்க, உங்க காலேஜ், அந்தக் காலேஜ், மூணு பேர் கையெழுத்தும் இருக்கணும். அந்தக் கையெழுத்து இல்லேன்னா அங்க எவ்வளவு நல்லா படிச்சாலும் இங்க வந்ததும் அது வெறும் சுற்றுலாதான்.

இதுல கிரெடிட் நம்பரைப் பாத்து ஏமாந்துடாதீங்க. ஐரோப்பாவுல இசிடிஎஸ்னு ஒரு பொதுவான கிரெடிட் கணக்கு இருக்கு, அதுல ஒரு வருஷத்துக்கு 60 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு 30. பிரிட்டன்ல வருஷத்துக்கு 120. அமெரிக்காவுல செமஸ்டருக்குச் சுமார் 15. அதுக்காக பிரிட்டன்காரங்க ரெண்டு மடங்கு படிக்கறாங்கனு அர்த்தம் இல்ல, அளவுகோல் வேற, அவ்வளவுதான். மணிக்கணக்காப் பாருங்க. ஒரு இசிடிஎஸ் கிரெடிட்ங்கறது 25லேர்ந்து 30 மணி நேர வேலை, நெதர்லாந்துல 28னு வெச்சுக்கறாங்க. அப்போ 5 கிரெடிட் பாடம்னா 140 மணி நேரம், நீங்க ரூம்ல உக்காந்து படிக்கறதையும் சேத்து. நான் இந்த மணிக் கணக்கை ஒரு பக்கத்துல போட்டு, ரெண்டு சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, எது ஒத்துப்போகுதோ அதுல பென்சில்ல கோடு போட்டு எங்க ஹெச்ஓடிகிட்ட கொண்டு போனேன். முதல் வருஷம் போயிருந்தா "பாக்கலாம்"னு சொல்லி அனுப்பியிருப்பாரு. இந்தத் தடவை பத்து நிமிஷத்துல கையெழுத்து. ஒரே ஒரு பாடத்தை மட்டும் அடிச்சுட்டு, "இதுல பாதிதான் ஒத்துப்போகுது, வேற பாரு"ன்னாரு.

மார்க்கும் அப்படித்தான். நெதர்லாந்துக்காரங்க 1லேர்ந்து 10 வரைக்கும் மார்க் போடுவாங்க, 5.5 வாங்கினா பாஸ். 8 வாங்கினா அங்க பெரிய விஷயம், 9, 10 எல்லாம் அபூர்வம். ஜெர்மனியில தலைகீழ், 1.0தான் முதல் இடம், 4.0 பாஸ் ஆகறதுக்கான எல்லை. இங்க வந்து யாராவது உங்க 7ஐ நேரா எழுபது சதவீதம்னு எழுதிட்டா போச்சு. அதனால மார்க்கை எப்படி மாத்துவீங்கனு போறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. போய்ட்டு வந்து கேட்டா கெஞ்சற மாதிரி ஆயிடும்.

அப்புறம், ஏன் அங்க போகணும்னு நாம எழுதற லெட்டர். என் முதல் வருஷ லெட்டரைக் கம்ப்யூட்டர்ல இன்னும் வெச்சிருக்கேன், சோகமா இருக்கும்போது படிச்சுச் சிரிக்கறதுக்கு. "சிறு வயது முதலே பல்வேறு கலாச்சாரங்களை அறிந்துகொள்வதில் எனக்குத் தீராத ஆர்வம்"... தீராத ஆர்வமாம்! அதுல நெதர்லாந்தை எடுத்துட்டு ஜப்பான்னு போட்டாக்கூட ஒரு வரி மாத்த வேண்டாம்.

ரெண்டாவது லெட்டர்ல நான் தண்ணியைப் பத்தி எழுதினேன். நான் படிக்கறது சிவில். நெதர்லாந்துல நிலத்துல கால் பங்குக்கு மேல கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு. 1953ல வட கடல் பொங்கி உள்ள வந்து அந்த நாட்டுல மட்டும் 1,836 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் கடல் தண்ணியைத் தடுக்கக் கட்டின அணை, கதவு எல்லாத்துக்கும் சேத்து டெல்டா வொர்க்ஸ்னு பேரு. அதுல கடைசிப் பெரிய வேலை ராட்டர்டாம் பக்கத்துல இருக்கற மாஸ்லான்ட்கேரிங்ங்கற புயல் வெள்ளத் தடுப்பு, 1997ல முடிஞ்சுது. ரெண்டு கதவு, ஒவ்வொண்ணும் 210 மீட்டர் நீளம். கப்பல் போறதுக்காக எப்பவும் திறந்தே இருக்கும், புயல்ல தண்ணி ஏறும்னு கணிச்சா கம்ப்யூட்டரே மூடற முடிவை எடுக்கும். நிஜப் புயலுக்காக முதல் தடவை மூடினது 2007 நவம்பர்ல. பத்து வருஷமா மூடத் தேவையே வராத ஒரு கதவை எப்படிப் பராமரிச்சு வெச்சிருந்தாங்க? நான் எழுதினது இந்த ஒரு கேள்வியைத்தான். இதைச் சொல்லித்தர்ற பாடம் எங்ககிட்ட இல்ல, அங்க இருக்கு, அது என் ப்ராஜெக்டுக்கு வேணும். முடிஞ்சுது. ஒரே பக்கம். இன்டர்வியூல இருந்த மூணு பேருமே அந்தக் கதவைப் பத்தித்தான் கேட்டாங்க, என் ஆர்வத்தைப் பத்தி யாரும் கேக்கல.

சிபாரிசுக் கடிதம்... இதுல பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல. பெரிய பதவியில இருக்கறவரைத் தேடாதீங்க, உங்க வேலையைப் பாத்தவரைத் தேடுங்க. மூணு வாரம் முன்னாடி கேளுங்க, நீங்க என்ன பண்ணீங்கனு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்க. ஐஇஎல்டிஎஸ்ங்கற ஆங்கிலத் தேர்வோட ரிசல்ட் ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால ரொம்ப சீக்கிரமா எழுதி வீணாக்கிடாதீங்க. பல எக்ஸ்சேஞ்ச்ல உங்க காலேஜ் கொடுக்கற ஆங்கிலச் சான்றே போதும்கறாங்க. கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

விசாவுல நாட்டுக்கு நாடு ஒரு பேப்பர் அங்கேர்ந்து வரணும். அமெரிக்காவுக்கு ஜே-1 விசான்னா டிஎஸ்-2019ங்கற ஃபார்ம், ஜப்பானுக்குத் தகுதிச் சான்று. நெதர்லாந்துல அந்த யுனிவர்சிட்டியே குடியேற்றத் துறையில நமக்காக விண்ணப்பிக்கும். என்னை அலைய விட்டது விசா இல்ல, வீடு. அங்க ரூம் பஞ்சம் நிஜமாவே இருக்கு, ரூம் கிடைக்கலேன்னா கிளம்பி வராதீங்கனு சில யுனிவர்சிட்டிகளே சொல்லியிருக்காங்க. யுனிவர்சிட்டி ரூமுக்கு ஃபார்ம் திறக்கற அன்னைக்கே போட்டுடுங்க. வீட்டைக் காட்டாம அட்வான்ஸ் கேக்கறவங்களுக்கு ஒரு பைசா அனுப்பாதீங்க. எனக்கு ரெண்டு பேர் அப்படி வலை விரிச்சாங்க. ஒருத்தர் அனுப்பின ரூம் போட்டோவுல ஜன்னலுக்கு வெளிய மலை தெரிஞ்சுது. நெதர்லாந்துல மலை! அதுலதான் தப்பிச்சேன்.

இப்போ அந்தத் தடிப் புத்தகம். அங்க போய் முதல் வாரமே நான் எடுத்த பாடத்துல ஒண்ணு இன்னொண்ணோட நேரத்துல மோதிடுச்சு. இது எல்லாருக்கும் நடக்கும், அதுக்குனே லேர்னிங் அக்ரிமென்ட்ல மாற்றத்துக்குத் தனிப் பக்கம் இருக்கு. நான் பாடத்தை மாத்திட்டேன். அங்க கையெழுத்து வாங்கிட்டேன். இங்க ஹெச்ஓடிக்கு மெயில் அனுப்பணும்... அனுப்பல. இவ்வளவு பாடுபட்டுக் கத்துக்கிட்டும், சைக்கிள் ஓட்டற சந்தோஷத்துல, அப்புறம் அனுப்பிக்கலாம்னு விட்டுட்டேன். திரும்பி வந்தா அந்தப் பாடத்துல 8 வாங்கின பேப்பர் கையில இருக்கு, ஆனா எதுக்குப் பதிலாங்கற வரி எந்தப் பேப்பர்லயும் இல்ல. அந்த எட்டை வெச்சுக்கிட்டு, இங்க நான் விட்டுட்டுப் போன பாடத்துக்குப் பரீட்சை எழுதச் சொல்லிட்டாங்க எங்க காலேஜ்ல. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

அந்தப் பாடத்தோட புத்தகம்தான் இது, பரீட்சை நாளைக்குக் காலைல ஒன்பதரை மணிக்கு. இன்னும் ரெண்டு யூனிட் பாக்கி, அதுல ஒண்ணு நான் தொடவே இல்ல. கேமராவை ஆஃப் பண்றேன்.